மணிக்கு நான்கு மைல்

விடுமுறைக்கு வீடொன்றை வாடகைக்கு எடுப்போர் உளர். மோட்டர் வண்டி எடுப்போரும் உளர். வீடும் வண்டியும் ஒன்றேயான ஒரு பொருளை எடுத்து, அதனைத் தாமே ஓட்டிக்கொண்டு, ஒரு கிழமை முழுவதும் மாட்டுவண்டியின் வேகத்தில் ஊர் பார்ப்பதற்காகப் பெரும் பணம் கொடுப்போரும் உளர் என்பதை, 2023ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்தபோதே நாம் அறிந்துகொண்டோம்.

எமது தமையனார் பேர்மிங்காம் நகரில் வசிப்பவர். 1992ஆம் ஆண்டு தமது இருபத்தொராவது வயதில் ஊரைவிட்டுச் சென்றவர். அவருடைய மகள், எமது பெறாமகள், பதினேழு வயதினள். பல ஆண்டுகளாகவே கால்வாய்ப் படகிற் செல்லவேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஒவ்வோராண்டும் அண்ணர் ஏதேனுமொரு சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்து வந்திருக்கிறார். அவ்வாண்டு, "சித்தப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவருக்கு வேறு எதைக் காட்டப்போகிறீர்கள்?" என்ற வாதம் வென்றது. அண்ணர், மச்சாள், பெறாமகள், அவள் தம்பியாகிய பன்னிரண்டு வயதுப் பையன், நாம் என ஐவர் புறப்பட்டோம். ஏழு நாட்களுக்கான வாடகை இரண்டாயிரம் பவுணை அண்மித்தது. அதனை இலங்கை ரூபாவாக்கிப் பார்த்த நாம் ஒரு நாள் முழுவதும் வாய் திறவாதிருந்தோம்.

படகு எனினும் அது நாம் கண்ட எந்தப் படகையும் ஒத்ததன்று. எமது படகு அறுபது அடி நீளம். அகலமோ ஏழடிக்கும் இரண்டங்குலம் குறைவு. புகையிரதப் பெட்டியொன்றை நெடுக்காகப் பிளந்து நீரில் விட்டாற்போன்ற தோற்றம். உள்ளே படுக்கைகள், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அமைந்திருந்தன. அணியத்தில் இருப்பவர் பின்புறத்துக்கு வரவேண்டுமாயின் சமையல் செய்பவரின் முதுகை உராய்ந்துகொண்டே வரவேண்டும். ஒரு குடும்பத்தினர் ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டு விலகியிருக்க அதில் இடமேயில்லை.

இத்துணை ஒடுக்கமாக ஏன் கட்டினர்? விடை பதினெட்டாம் நூற்றாண்டில் இருக்கிறது. பிறிட்ஜ்வோட்டர் கோமகன் தம்முடைய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகருக்குக் கரி கொண்டுசெல்ல ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1761இல் அது திறக்கப்பட்டதும் அந்நகரில் கரியின் விலை வீழ்ந்தது. அக்கால்வாயில் உழைத்த ஜேம்ஸ் பிறின்ட்லி என்பவர் பின்னர் நாட்டின் நடுப்பகுதியெங்கும் கால்வாய்கள் அமைத்தார். அவர் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஓர் ஆலைத் தச்சர். படகுகளை மேடேற்றி இறக்கும் 'லொக்' எனப்படும் நீர்ப்பூட்டுகளை ஏறத்தாழ ஏழடி அகலத்தில் அவர் கட்டினார். அகலம் குறைந்தால் கட்டுமானச் செலவு குறையும். ஒவ்வொரு தடவையும் செலவாகும் நீரும் குறையும். அன்று அவர் குறித்த அந்த ஏழடியே இன்றுவரை படகின் அகலத்தை நிர்ணயிக்கிறது. கரையில் நடக்கும் ஒரே குதிரை இருபத்தைந்து தொன் பாரமேற்றிய படகை இழுத்துச் செல்லும். வீதியில் அக்குதிரை இழுப்பது இதில் ஒரு சிறு பங்கே.

பின்னர் புகையிரதம் வந்தது. கூலி குறைந்தது. படகோட்டிகள் கரையில் வீடு வைத்திருக்க வழியற்று, மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். பத்தடி நீளமுங்கூட இல்லாத பின்னறை ஒன்றிலே முழுக் குடும்பமும் உண்டு உறங்கிற்று. நாளுக்கோர் ஊரில் நிற்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? சிறு வயதிலே செங்கற் சூளையில் வேலைசெய்து வளர்ந்த ஜோர்ஜ் சிமித் என்பவர் இப்பிள்ளைகளுக்காக ஓயாது வாதாடினார். அதன் பயனாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் பிறந்தன. சட்டம் பிறந்ததேயன்றிப் பிள்ளைகள் எழுத்தறிந்தது பெரும்பாலும் அடுத்த தலைமுறைகளிலேதான். ஆசிரியத் தொழிலில் இருபதாண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை.

நிற்க. படகைப் பொறுப்பேற்ற கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் மேற்கெல்லையை அடுத்துள்ள றென்பரி என்ற சிற்றூரிலே படகு எமக்காகக் காத்திருந்தது. அங்கிருந்து வேல்ஸ் நாட்டின் லங்கொலன் என்ற ஊர்வரை போய்த் திரும்புவது எமது திட்டம். ஒருவழிப் பயணம் நாற்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. வழியில் நீர்ப்பூட்டுகள் பன்னிரண்டு. கேரளத்தின் ஆலப்புழையிலும் பழைய நெற்படகுகளைப் படகுவீடுகளாக்கி வாடகைக்கு விடுகின்றனர். ஆனால் ஓட்டுபவரும் சமைப்பவரும் படகோடு வருவர், நாம் சாய்ந்திருந்து மீன்குழம்பை எதிர்பார்க்கலாம். இங்கோ முன்பின் படகோட்டியறியாத எவரும், எவ்வித அனுமதிப்பத்திரமுமின்றி, பல தொன் எடையுள்ள இரும்பைத் தாமே செலுத்திச் செல்லலாம். படகுக்குரிய அனுமதியை வாடகைக்கு விடும் நிறுவனமே பெற்று வைத்திருக்கும். பயிற்சி என்பது புறப்படுமுன் அவர்கள் நின்று சொல்லித் தருவது மட்டுமே.

அந்தப் பயிற்சியைப்பற்றி எமக்கு ஒரு மனக்குறை உண்டு. எமக்குச் சொல்லித்தந்த இளைஞன் அவசரத்தில் இருந்தான். அன்று மாலை அவன் அனுப்பவேண்டிய படகுகள் இன்னும் பல. மலசலகூடத்தின் தொட்டி நிறைந்தால் என்ன செய்வது என்பதை இருபது நிமிடம் விளக்கினான். சுக்கானைப் பற்றி ஐந்து நிமிடம். நீர்ப்பூட்டிலே கவனிக்க வேண்டிய படியைப்பற்றி ஒரே வசனம். அவ்வசனத்தின் பெறுமதியை ஆறாம் நாள் அறிந்தோம்.

முதல் நாளே தெரிந்துகொண்ட பாடம், சுக்கானை வலப்புறம் தள்ளினாற் படகு இடப்புறம் திரும்பும் என்பது. அறிந்ததுதான், ஆனால் அறிவு வேறு, கை வேறு. மேலும் அறுபது அடிப் படகு தன் நடுவைச் சுற்றியே திரும்புகிறது. அணியம் இடப்புறம் போனாற் பின்புறம் வலப்புறக் கரையை இடிக்கும். எதிரே படகு வந்தால் வலப்புறம் ஒதுங்கவேண்டும். கட்டிநிற்கும் படகுகளைக் கடக்கும்போது நடையின் வேகத்துக்கும் குறைத்துக்கொள்ள வேண்டும். மீறினால், உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர் யன்னலால் தலையை நீட்டி ஏதேனும் சொல்வார். உச்சவேகம் மணிக்கு நான்கு மைல். அதுவும் லங்கொலன் நோக்கிச் செல்கையிற் கிட்டாது. அக்கால்வாயின் நீர் ஓடும் நீர், எதிரோட்டத்திலே செல்லவேண்டும். இழுவைப் பாதையில் நாயுடன் உலாவிய மூதாட்டி ஒருவர் எம்மை முந்திச் சென்று, பாலத்தடியில் எமக்காக நின்று கையசைத்தார்.

மச்சாள் புட்டுக்குழலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். காலையில் இயந்திரம் ஓட, அணியத்தில் பனி விலக, எரிவாயு அடுப்பில் புட்டு அவிந்த வாசனை இருகரையும் பரவியது. எதிரே வந்த படகிலிருந்த ஒருவர் அது என்னவென்று வினவ, பெறாமகள் அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் என்று ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் படகுகள் கடந்துவிட்டன. தேங்காயோடு அவள் விளக்கம் நின்றுபோயிற்று.

மாணவ வாசகர்களுக்காக நீர்ப்பூட்டைச் சற்று விரித்துரைப்போம். கால்வாய் மேட்டு நிலத்தைச் சந்திக்கும் இடத்திலே, படகொன்று அடங்கத்தக்க ஒரு கற்றொட்டியைக் கட்டி, இருமுனையிலும் மரக்கதவுகள் பொருத்தியிருப்பர். கதவுகளின் அடியிலே, எங்கள் குளங்களின் துருசு போன்ற சிறு அடைப்புகள் உண்டு. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் புகுந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலடைப்பை இரும்புக் கைபிடியாற் சுழற்றித் திறந்தால் மேல்நீர் தொட்டியுள் பாயும். படகு தானாக எழும். மட்டம் ஒன்றானவுடன் மேற்கதவைத் திறந்து செல்லலாம். மட்டம் ஒன்றாகாதவரை பத்துப்பேர் தள்ளினாலும் கதவு அசையாது. ஒன்றானபின் ஒரு சிறுவன் முதுகைக் கொடுத்துத் திறப்பான். அமுக்க வித்தியாசம் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை நாம் எழுதியது, முதுகிலே உணர்ந்தபின்தான் எமக்கே விளங்கிற்று. ஒவ்வொரு தடவையும் இருபத்தையாயிரம் கலனுக்கு மேற்பட்ட நீர் கீழே இறங்கிவிடுகிறது.

கிறின்ட்லி புறூக் என்னுமிடத்தில் இத்தகைய பூட்டுகள் ஆறு. அவற்றுள் மூன்று படிக்கட்டுப்போல் ஒன்றோடொன்று ஒட்டியவை. அங்கே தொண்டர்கள் நின்று படகுகளை ஒழுங்குபடுத்துகின்றனர். பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். இன்று கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2012இல் அரசிடமிருந்து அவற்றைப் பொறுப்பேற்றது. தொண்டர்களின்றி அதனால் இயங்கமுடியாது.

ஐந்தாவது மாலை வரையில் அண்ணரிடம் ஒரு விசித்திரத்தை நாம் கவனித்தோமேயன்றி, அதன் பொருளை உணரவில்லை. பகலில் அவர் நன்றாகப் படகோட்டினார். இருட்டுமுன் கட்டிவிட வேண்டுமென்பதில் மட்டும் பிடிவாதமாயிருந்தார். கட்டியபின் கயிறுகளை மும்முறை சோதித்தார். சேர்க் என்ற ஊரில் 459 யார் நீளமான சுரங்கமொன்று உண்டு. கால்வாய் மலைக்குள் புகுந்து மறுபுறம் வெளிப்படுகிறது. அதன் வாயிலை அடைந்ததும், "தம்பி, நீ பிடி" என்று சுக்கானை எம்மிடம் தந்துவிட்டு, கரையில் இறங்கி, சுரங்கத்தினுள் செல்லும் இழுவைப் பாதையிலே கைவிளக்குடன் நடந்துவந்தார். கால் நீட்டி நடக்க விரும்புகிறார் என்றே எண்ணினோம்.

ஆயின் மறுநாள் பொன்கசுல்தே நீர்ப்பாலத்தின்மேல் அவரே சுக்கான் பிடித்தார். வேல்ஸ் மொழிப் பெயர். அந்த ஒலியை நாம் சரியாக உச்சரித்துவிட்டோம் என்று எவரும் சொல்லவில்லை. எமது ழகரத்தைப் பதிலுக்குச் சொல்லச் சொன்னபோது அவர்களும் தோற்றனர். தோமஸ் டெல்போட், வில்லியம் ஜெசப் என்னும் பொறியியலாளர் இருவரின் படைப்பு அது. 1805இல் திறக்கப்பட்டது. டீ ஆற்றுக்கு மேலே 126 அடி உயரத்தில், 1,007 அடி நீளத்துக்கு, கற்றூண்களின்மீது ஓர் இரும்புத் தொட்டியை வைத்து அதனுள் கால்வாயை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒருபுறம் நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் உண்டு. மறுபுறம் ஒன்றுமில்லை. தொட்டியின் விளிம்பு நீருக்குமேற் சில அங்குலமே நிற்கிறது. படகிலிருந்து அப்பக்கம் நோக்கினால் ஆகாயத்திற் போவதாகவே தோன்றும். நாம் கீழே ஆற்றையும் மரங்களின் உச்சியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே சென்று மச்சாளுக்கு வெங்காயம் வெட்டிக்கொடுத்தோம். அண்ணரோ சிரித்துக்கொண்டு நின்றார். 2009இல் இப்பாலமும் இதனையடுத்த கால்வாய்ப் பகுதியும் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இந்தக் கால்வாய் எஞ்சியிருப்பதே ஒரு விந்தை. இதனை உடைமையாகக் கொண்டிருந்த புகையிரதக் கம்பனி 1944இல் சட்டம் ஒன்றின் மூலம் படகுப் போக்குவரத்துக்கு மூடிவிட்டது. 1945 செப்டெம்பரில் லங்கொலனுக்கு அருகே கரை உடைந்து, பாய்ந்த நீர் அண்மையிலிருந்த தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்துச்செல்ல, அதிகாலையில் வந்த தபாற் புகையிரதம் குழியில் வீழ்ந்து அதன் சாரதி மாண்டார். அத்துடன் மண்ணிட்டு நிரப்பியிருப்பர். நிரப்பாமல் விட்டதற்குக் காரணம் குடிநீர். டீ ஆற்றிலிருந்து எடுக்கும் நீரை இக்கால்வாய் வழியாகவே செசயர் பிரதேசத்து நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுசெல்லலாமென்று கண்டனர். நாம் எதிர்த்து ஏறிய நீரோட்டம் ஏதோ ஓர் ஊரின் குழாய்க்குச் செல்லும் நீர்தான்.

மற்றக் கால்வாய்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவற்றுள் பலவற்றைக் காத்தது ஒரு நூல். எல். ரி. சி. ரோல்ட் என்ற பொறியியலாளர் 1939இல் தமது மனைவியுடன் 'கிறெசி' என்னும் பழைய படகிற் குடியேறிக் கால்வாய்களில் அலைந்து, கண்டவற்றை எழுதினார். 1944இல் 'நரோ போட்' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதனைப் படித்த றொபேட் ஐக்மன் என்பவர் ரோல்டைத் தேடிச் சென்றார். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. (ஐக்மன் பேய்க்கதைகள் எழுதுவதிலும் வல்லவர். இருவரும் பின்னர் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர் என்பது சங்கங்களை அறிந்தோருக்கு வியப்பளிக்காது.) சரக்குப் படகுகளின் காலம் 1962, 1963ஆம் ஆண்டுகளுக்கிடைப்பட்ட கொடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்தபோது பெரும்பாலும் முடிந்தது. 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் படகோட்டத்துக்குரியவை என வகுத்து அவற்றைப் பேண வழிசெய்தது. ஆகவே வாடகைப் படகிற் புட்டு அவிக்கும் எம்போன்றோர் கொடுக்கும் பணமும் அந்த மதகுகளுக்கு எண்ணெயிடுகிறது என்று நாம் அண்ணருக்குச் சொன்னோம். இரண்டாயிரம் பவுணுக்கு அது ஒரு சிறு ஆறுதல்.

நம் நாட்டிலும் நீர்கொழும்பு வழியே புத்தளம்வரை ஒல்லாந்தர் கால்வாய் உண்டென்பதை மாணவர்கள் அறிவர். கறுவாவும் கொப்பறாவும் சென்ற வழி அது. அதிலே ஒரு கிழமை குடியிருந்து செல்லும் நாள் வருமோ என்று எண்ணிப்பார்த்தோம்.

திரும்பும் வழியில் எல்ஸ்மியர் என்ற ஊரையடுத்துக் கட்டியிருந்தோம். மாலை ஏழு மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. அப்போது பழைமை பேணுவோர் சிலர் இரு படகுகளை ஓட்டி வந்தனர். முன்னது இயந்திரப் படகு. பின்னது இயந்திரமற்றது, கயிற்றால் இழுக்கப்படுவது. சரக்குக் காலத்தில் அவ்வாறு சோடியாகவே செல்வராம். பிள்ளைகள் படம் எடுக்க ஓடினர். அண்ணர் அக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். படகுகள் மறைந்த பின்னரும் நின்றார்.

"கிளாலியிலையும் இப்படித்தான் கட்டி இழுத்தவங்கள்" என்றார்.

இன்றைய மாணவர் பலர் கிளாலிப் பயணத்தை அறியார். ஆனையிறவு வழி 1990 முதல் அடைபட்டிருந்தமையால், குடாநாட்டார் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் சிறு வள்ளங்களிற் கடந்தே தெற்கே சென்றனர். இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளம் பலவற்றைக் கயிற்றாற் கோத்து இழுத்துச் செல்லும். விளக்கு இல்லை. அந்நீரில் உயிரிழந்தோர் பலர். 1992இல் அண்ணர் சென்ற இரவு எமக்கு வயது பதினான்கு. ஐயாவும் நாமும் அவரைக் கரைவரை கொண்டுசென்று விட்டோம். அதன்பின் அந்தப் பயணத்தைப்பற்றி அவர் கடிதத்திலோ தொலைபேசியிலோ ஒரு வார்த்தை கூறியதில்லை. நாமும் கேட்டதில்லை.

அன்று சொன்னார். அவர் இருந்தது மூன்றாவது வள்ளம். பின்னால் ஒன்று. நடுநீரில் தூரத்தே வெடிச்சத்தம் கேட்க, இயந்திரத்தை விரைவுபடுத்தியிருக்கிறார்கள். அந்த இழுவையில் கடைசி வள்ளத்தின் கயிறு அறுந்துவிட்டது. பின்னாலிருந்து கூப்பிடும் குரல்கள் கேட்டன. எவரும் நிறுத்தவில்லை. குரல்கள் சிறுத்துச் சிறுத்து இல்லாமற் போயின. "நானும் நிப்பாட்டச் சொல்லிக் கத்தேல்லை, தம்பி" என்றார். "கடைசி வள்ளத்திலை ஒரு அம்மா இருந்தவ. தையல் மெசின்ரை தலையைச் சாக்கிலை சுத்தி மடியிலை வைச்சிருந்தவ. ஏறேக்கை நான்தான் தூக்கிக் குடுத்தனான்."

எமக்கு உடல் குளிர்ந்தது. ஐயாவும் நாமும் அன்றிரவு வீடு திரும்பவில்லை. இருட்டில் செல்ல அஞ்சிக் கரையிலிருந்த தேநீர்க் கொட்டிலிலேயே தங்கிவிட்டோம். விடியற்காலையில், காற்றுக்கு அடிபட்டு ஒரு வள்ளம் எமது கரையிலேயே வந்து ஒதுங்கியது. எல்லோரும் நனைந்திருந்தனர், எல்லோரும் உயிருடனிருந்தனர். அதிலிருந்து சாக்கிற் சுற்றிய தையல் இயந்திரமொன்றை ஐயா இறக்கிக்கொடுத்தார். அதன் பாரம் தாங்காது ஒருமுறை மணலில் வைத்தெடுத்தது எமக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்றிரவு சென்ற வள்ளங்கள் பல. அது எந்தத் தொடரிலிருந்து கழன்றது என்று எமக்குத் தெரியாது. அண்ணரின் மனத்தில் இப்படியொன்று கிடக்கிறது என்பதும் தெரியாது.

இதனை அவரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே சென்று கயிறுகளைச் சோதித்தார். நான்காவது தடவை.

மறுநாள் ஆறாம் நாள். இறங்குமுகமாக வருகிறோம். கிறின்ட்லி புறூக்கைக் கடந்து, வயல்களுக்கிடையே தனித்து நிற்கும் பூட்டொன்றினுட் புகுந்தோம். சுக்கான் பெறாமகள் கையில். அண்ணர் அவள் அருகில். கீழ்க்கதவின் அடைப்புகளில் ஒன்றில் நாம், மற்றதில் பையன். இறங்கும்போது கவனிக்கவேண்டியதைத்தான் அந்த இளைஞன் ஒரே வசனத்திற் சொல்லியிருந்தான்: மேற்கதவின் அடியிலே, வீட்டு வாசற்படி போன்ற ஒரு படி நீருக்குள் மறைந்திருக்கிறது. நீர் இறங்க இறங்க அது வெளிப்படும். படகின் பின்புறம் அதன்மேல் இருந்துவிட்டால், அணியம் மட்டும் நீருடன் இறங்க, படகு தொங்கிவிடும். அதற்காகவே பக்கச் சுவரில் வெள்ளைக்கோடு கீறியிருக்கிறார்கள். பேச்சிலிருந்த பெறாமகள், படகு சிறிது சிறிதாகப் பின்னே நகர்ந்து கோட்டைத் தாண்டியதைக் காணவில்லை. நாமும் காணவில்லை, ஒரு நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே பாத்திரங்கள் சரியும் ஓசைதான் முதலிற் கேட்டது. பார்த்தால் அணியம் தாழ்ந்து, பின்புறம் படியிற் குந்தியிருக்கிறது. அணியத்திற் கதவண்டை மச்சாள். இன்னும் ஓரடி நீர் இறங்கினால் முன்வாசலால் தண்ணீர் உள்ளே புகும். செய்யவேண்டியது இன்னதென்று நாம் அறிவோம். பௌதிகம் படிப்பிப்பவர்கள் அல்லவா? ஆனாற் கை அசையவில்லை.

"மூடு! இரண்டு பக்கமும் மூடு!" என்று அண்ணர் கத்தினார். அத்துணை உரத்த குரலை அவரிடம் நாம் கேட்டதேயில்லை. பையன் தன் பக்கத்தைச் சுழற்றி மூடியபின்னரே எமது கை அசைந்தது. இறக்கம் நின்றது. பெறாமகளைச் சுவரேணியாற் கரையேற்றிவிட்டு அண்ணர் படகிலேயே நின்றார். "இனி மேலடைப்பை மெல்லத் திற. மெல்ல. ஒரு பல்லு, ஒரு பல்லாத் திற." நாம் ஓடிச்சென்று திறந்தோம். நீர் திரும்பி ஏறியது. முனகிக்கொண்டே பின்புறம் படியைவிட்டு எழுந்து மிதந்தது. மூன்று பீங்கான்கள் உடைந்தன, புட்டுக்குழல் நெளிந்தது. வேறு நட்டமில்லை. பெறாமகள் அழுதாள். அண்ணர் அவளையே அழைத்து மறுபடியும் சுக்கானைக் கொடுத்து, அதே பூட்டிலே, வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் படகை நிறுத்தி இறக்கச் செய்தார்.

படகைத் திருப்பிக் கொடுத்தபோது பீங்கான்களின் விலையை முற்பணத்திற் கழித்துக்கொண்டனர். படியைப்பற்றி இன்னும் சில வசனங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று நாம் அவ்விளைஞனிடம் கேட்டுக்கொண்டோம். அவன் தலையசைத்தான், அவனுக்கு அன்றும் அவசரம்.

பேர்மிங்காமுக்குப் பெருந்தெருவிலே மணிக்கு எழுபது மைல் வேகத்திற் சென்றுகொண்டிருந்தோம். ஒரு கிழமைக்குப்பின் அவ்வேகம் எமக்குத் தலைசுற்றியது. பின்னாலிருந்த மூவரும் உறங்கிவிட்டனர். அண்ணர் வீதியை விட்டுக் கண்ணெடுக்காமற் கேட்டார்.

"அந்த மெசின் பழுதாப் போச்சோ?"

"உப்புத்தண்ணி பட்டதுதான். ஐயா கொட்டில்காரனிட்டைத் தேங்காயெண்ணெய் வாங்கிப் போட்டுத் துடைச்சுக் குடுத்தவர். அந்த நேரம் மண்ணெண்ணெய்க்கு எங்கை போறது?"

"அவ பிறகு போனவவோ?"

"மூண்டாம் நாள் போனவ எண்டு ஐயா விசாரிச்சுக்கொண்டு வந்து சொன்னவர்."

அண்ணர் தலையசைத்தார். சிறிது தூரம் சென்றபின், அடுத்த சித்திரை விடுமுறையில் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு லோஞ்ச் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டார்.